உப்புக் கரித்த பால்

பால் உப்புக் கரித்தால் மாட்டை யாரும் திட்டுவதில்லை. கொண்டுபோய் ஊற்றுகிறவனைத்தான் திட்டுவார்கள். வீடு வீடாக எதையாவது சுமந்து பேச்சு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். செகண்டரி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் சேர்ந்தது ரெங்கசாமி முதலாளியின் மாட்டுக் கொட்டகையில். கொட்டகை சிங்கப்பூரில், பொத்தோங் பாசிரில். பால் வாங்கும் வீடுகள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம். கறவையில் அப்போது இருந்தது செவலைப் பசு ஒன்றுதான்.

நாக்கில் வைத்த அக்கா

ஸ்டெல்லா அக்கா பஃபலோ ரோட்டில் ஒரு மாடி அறையில் இருந்தார். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. குழந்தை செவலையின் பாலில்தான் வளர்ந்தது. அன்று காலை, படியிறங்கப் போன என்னைக் கூப்பிட்டு, நீயே குடித்துப் பார் என்று டம்ளரை நீட்டினார். கரித்தது. தண்ணீர் கலந்தாயா என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை.

"டின் பால் கொடுத்தா இவனுக்குப் பேதியாகுது தம்பி. உன் பாலைத்தான் நம்பியிருக்கேன்."

குலா மலாக்கா வைத்தியம்

மாடு இனிப்புத் தின்னாததுதான் காரணம் என்றார் முதலாளி. தவிட்டில் குலா மலாக்கா வெல்லத்தைக் கரைத்து வைத்தோம். கரும்புச் சாறு கடையில் சக்கை பொறுக்கி வந்தேன். செவலைக்குக் கழிச்சல் கண்டதுதான் மிச்சம். கறவை குறைந்தது, கரிப்பு குறையவில்லை.

கடைசியில் மாட்டு டாக்டர் வந்தார். மடியைத் தொட்டதும் செவலை உதைத்தது. ஒரு காம்பு வீங்கிக் கொதித்தது. வெறும் புல் தின்கிற மாட்டின் பாலும் இனிக்கிறதே, எப்படி என்று அவரே கேட்டு அவரே சொன்னார். ரத்தத்தில் ஓடும் சர்க்கரையை எடுத்து மடியே வேறொரு சர்க்கரை செய்கிறதாம். அந்தச் சர்க்கரைதான் தண்ணீரை இழுத்துப் பாலைப் பெருக்குகிறதாம். மடி நோவு வந்தால் அந்த வேலை படுத்துவிடும். ரத்தத்தின் உப்பு பாலில் கசியும். அந்தக் காம்பைத் தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும், மற்றதோடு கலந்துவிட்டால் காய்ச்சினாலும் கைக்குழந்தைக்கு ஆகாது என்றார். தொட்டியில் மிதந்த வெல்லக்கட்டியைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டார்:

"வாயிலேர்ந்து மடிக்கு நேராக் குழாய் போட்டிருக்குன்னு நினைச்சீங்களா?"

இரண்டு கரண்டி

நான் பக்கத்தில் நிற்கும்போது அப்படிக் கேட்டதை முதலாளியால் தாங்க முடியவில்லை. மறுநாள் அவரே உட்கார்ந்து நாலு காம்பையும் ஒரே வாளியில் கறந்தார். அந்தக் குழந்தை குடிக்கிற பால் இது என்றேன். டாக்டரா உனக்குச் சம்பளம் தருகிறார் என்றார். கேனை என் கையில் திணித்தார்.

"ரெண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்குடா. ஒருத்தருக்கும் தெரியாது லா."

அவர் கண் முன்னாலேயே வாசலில் இருந்த லோங்காங்கில் கவிழ்த்தேன். சாக்கடை வெள்ளையாக ஓடியது. நாளையிலிருந்து வராதே என்றார். காலிக் கேனோடு பஃபலோ ரோட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்குப் பிள்ளைக்கு என்ன கொடுக்கறது தம்பி?"

சீனி போட்டு ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு வா என்றுதான் முதலாளி அனுப்பப் பார்த்தார். நான் சீனியும் போடவில்லை, வாயையும் மூடவில்லை, பிள்ளைக்குப் பாலும் கொண்டுவரவில்லை.