வாசலில் தொங்கிய சக்களத்தி

வயலில் முதலில் வந்த கதிரை அறுத்து வந்து நிலைவாசலில் கட்டுவதற்குப் புதிர் என்று பேர். எங்கள் வீட்டில் அதை அண்ணன்தான் எடுப்பான். ஒரு வருஷம் நானும் கேட்டேன்.

"பொட்டப்புள்ள புதிர் எடுத்தா நெல்லு வெக்கப்படும்டி," என்றான்.

நான் சாப்பிடவில்லை. அப்பா ஒரு வழி சொன்னார். குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் குத்தகை வயல். அதில் மடை ஓரம் அண்ணன் பார்க்க வேண்டும். வடக்கு மூலை நான் பார்க்க வேண்டும். யார் மூலையில் கதிர் முதலில் தலை காட்டுகிறதோ, அவருக்குப் புதிர்.

ஊரில் களை பறிக்க அம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் போன வரிசையில் பின்னால் வருகிறவர்களுக்கு வேலை இருக்காது. என் மூலைக்கும் வந்தாள். நான் விடவில்லை. நானே பறித்தேன். வெளுத்தது, சோனியாக நின்றது எல்லாவற்றையும் பிடுங்கினேன். பச்சையாக, திடமாக நின்றதை வைத்துக்கொண்டேன்.

அம்மா வரப்பில் நின்று பார்த்தாள்.

"சுத்தமாத்தான் இருக்கு. என் பொண்ணுல்ல."

என் மூலை அண்ணன் மூலையைவிட உயர்ந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். அவன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு நாள் விடியலில் என் மூலையில் கதிர் தலை நீட்டியிருந்தது. நுனி மட்டும்தான் வெளியே. மீதி தாளுக்குள் இருந்தது. முற்ற வேண்டும், விரிய வேண்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு கை அறுத்து வந்து நிலைவாசலில் கட்டினேன். தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். ஒரு தாளை உரித்துப் பார்த்தாள். உள்ளே நெல் இல்லை. சொரசொரவென்று பொடிப் பொடியாக ஒரு புல் கதிர். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அது நெல்லுச் சக்களத்தி. நெல்லோடு நெல்லாக நிற்கும் புல். நாற்றங்காலிலேயே முளைத்து, நாற்று முடியோடு வந்து, நம் கையாலேயே நடவாகிவிடும். நான் பிடுங்கி எறிந்ததில் பாதி நெல். பாடுபட்டு வளர்த்தது சக்களத்தியை.

"ஏண்டி, ஊருல எவளாவது சக்களத்திய வாசல்ல கட்டி வரவேப்பாளா?" என்று அத்தை அம்மாவைக் கேட்டாள். "ஒம் புருஷன் எங்க? உள்ளதான் இருக்காரா?"

அப்பா தலை குனிந்துகொண்டு அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டுங்க," என்றாள் அம்மா. ஒரு தாளைப் பிடித்து அடியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டினாள். "என் கண்ணுக்கே தண்ணி காட்டிட்டு நின்னுருக்கு. லேசுப்பட்டதா? தொங்கட்டும்."

அன்றைக்கே போய், மூலையில் மிச்சமிருந்த சக்களத்தி எல்லாவற்றையும் விதை விழுவதற்குள் பிடுங்கினாள். இலையும் தாளும் சேருகிற இடத்தைத் தடவித் தடவிப் பிடுங்கினாள்; நெல்லுக்கு அங்கே சின்னதாக ஒரு நாக்கு இருக்கும், சக்களத்திக்கு இருக்காது. ஒரு நெல்கூடப் போகவில்லை.

புதிர் அண்ணனுக்குப் போனது. அவன் கதிரை என்னுடையதற்குப் பக்கத்தில்தான் அம்மா கட்டினாள். நான் அழுவேன் என்று பயந்து அவிழ்க்காமல் விட்டாள் என்று நினைத்தேன்.

இப்போது அந்த வயலை நான் பார்க்கிறேன். களைக்கு நானே இறங்குகிறேன். இன்றும் அது நிற்கிறது. மருந்து அடித்தவர் வயலிலும் நிற்கிறது. அதற்கு உழ வேண்டாம், நட வேண்டாம். நாம் அறுப்பதற்கு முன்பே உதிர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. அடுத்த போகத்துக்கு நமக்கு முன்னால் வந்து நிற்கிறது. வயலில் ஜெயித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அது ஆசைப்பட்டு நெல் மாதிரி ஆகவில்லை. புல்லுக்கு என்ன தெரியும்? அம்மா, அவள் அம்மா, அதற்கும் முன்னால் குனிந்தவர்கள் எல்லாரும், புல்லாகத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். கொஞ்சம் நெல்லுபோல நின்றது தப்பியது. தப்பியதுதான் விதை போட்டது. அந்த விதையில் வந்ததிலும் இன்னும் நெல்லுபோல இருந்ததே தப்பியது. அந்தக் கைகள் மழுங்கலாக இருந்திருந்தால் புல் புல்லாகவே இருந்திருக்கும். அவ்வளவு கூர்மையான கைகள்.

அம்மா விரலை ஓட்டிப் பார்த்தது அந்தக் கைகளின் வேலையைத்தான். எனக்கு அது அன்று தெரியாது. அது வாசலில் தொங்கிய நாளெல்லாம், வெட்கப்பட்டுக்கொண்டு கொல்லை வழியாகவே போய் வந்தேன்.