கொழுந்து மாடியில் ஐம்பத்தெட்டுப் புத்தகங்கள்

வட்டகொடைக்கு மேலே எங்கள் சின்னத் தேவாலயத்தின் பக்கவாட்டு அறையில் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் இருக்கின்றன. இருந்தன என்று எழுதுவதே சரி. இந்தத் தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவர்களாய் இருந்தவர்கள் விட்டுப்போன பாட்டுப் புத்தகங்கள், உபதேசியார்களின் நாட்குறிப்புகள், படம் ஒட்டிய ஆல்பங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவற்றைப் பார்த்துக்கொள்வது நான்தான். சனிக்கிழமை பின்னேரம் திறப்பேன். என் மனைவி போன பிறகு வீட்டில் ஒரு நாற்காலி போதும்; இங்கே இரண்டு போட்டிருக்கிறேன். போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு காற்று கூரைத் தகரம் ஒன்றைக் கிளப்பிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஐம்பத்தெட்டுப் புத்தகங்கள் ஊறிக் கிடந்தன. அட்டனில் இருக்கும் போதகருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“திங்கட்கெழம வந்து பாக்குறேன் மாஸ்டர். நனைஞ்சது தேறலன்னா மிச்சத்தயாவது கொழும்புக்கு அனுப்பிருவோம். அங்க ஏசி ரூம் இருக்கு.”

ஏசிக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இந்த மலையில் மழை மாதத்தில் துவைத்த சட்டையே நான்கு நாளில் காய்வதில்லை. காய்கிற இடம் ஒன்றுதான் உண்டு. தோட்டத்துத் தொழிற்சாலையின் மேல்மாடி. பச்சைக் கொழுந்தை நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டுவார்கள். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போனேன். அவர் தலையில் கை வைத்தார்.

“மாஸ்டர், தேயில கண்ட மணத்தயும் இழுத்துக்கும். பூஞ்சணம் மணக்குற தூளு ஏலத்துக்குப் போனா, அடுத்த நாளு நான் ஒங்க லைப்ரரியில வந்து குந்திக்கிட வேண்டியதுதான்.”

“வாங்களேன், நாற்காலி இருக்கு” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “நாளைக்கு ஞாயிறு, கொழுந்து இல்ல. காலையில கொண்டாந்து, பொழுது சாய எடுத்துறணும். சூட்டுக் காத்து கேக்கக் கூடாது. அப்பளமா சுருண்டுரும்.”

ஞாயிறு காலையில் ஆராதனை. வாராவாரம் நாங்கள் பதினொரு பேர், என்னையும் சேர்த்து. இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்கு மட்டும்தான் போகாமல் நின்றிருக்கிறேன். அன்று ஆட்டோவில் நான்கு சாக்கோடு தொழிற்சாலைக்குப் போனேன். ஏறும்போது மணி அடிப்பது கேட்டது.

மாடி கூட்டும் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாக்குகளைப் பார்த்தாள்.

“கொழுந்துன்னா பொரட்டிப் போடத் தெரியும். இத என்னா பண்றது மாஸ்டர்?”

“இதையும் பொரட்டத்தான் வேணும். ஒவ்வொரு பக்கமா.”

“நல்லாருக்கு. இதுக்கு நாள் சம்பளத்துக்குப் பேரு போடுவாங்களா, இல்ல கைக்காசா?”

ஆனாலும் உட்கார்ந்தாள். விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பக்கம் பிரித்தாள். ஓர் ஆல்பத்தில் நின்றுவிட்டாள். எங்கள் தேவாலய வாசலில் வெள்ளைச் சேலைப் பெண்கள் வரிசையாக நிற்கும் படம்.

“இந்தம்மா ஏன் இப்புடி கடுகடுன்னு நிக்கிறாங்க?”

“அசையாம நிக்கச் சொல்லியிருப்பாங்க.”

“அதெல்லாம் இல்ல. வெள்ளன ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல கங்காணி ஏசியிருப்பான். மூஞ்சியப் பாருங்க.” பிறகு கேட்டாள், “இதெல்லாம் எத்தன பேரு வந்து படிக்கிறாங்க?”

காற்றாடிச் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பொழுது சாய்கையில் எண்ணினேன். ஐம்பத்து நான்கு தேறின. நான்கு பாட்டுப் புத்தகங்கள் களியாய் ஒட்டிப்போயின. அவற்றை வெளியே எடுத்து வைக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை போதகர் வந்தார். கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

“என்னா மாஸ்டர், கோயில்ல தேயில மணக்குது!”

சொன்னேன். மாடியில் காயவைத்ததை மட்டும்; எந்த நாள் என்பதை இல்லை. அவர் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தார், புத்தகத் தட்டுகளைப் பார்த்தார், இரண்டாவது நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தார்.

“சரி, இங்கயே இருக்கட்டும். தகரத்த மட்டும் சரியா அடிச்சிருவோம். கொழும்புக்கு அனுப்பினா அங்கயும் யாரு பாக்கப் போறாங்க?”

நான் கேட்க விரும்பியது அந்த முதல் வாக்கியத்தை மட்டும்தான். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் படியில் நின்று சொன்னார். “நேத்து ஆராதனைக்கும் கொறையில்லயாம். வழக்கம்போல பதினொரு பேருன்னு சொன்னாங்க. சந்தோஷம்.”

“பத்து” என்றேன்.

கீழே வட்டகொடை நிலையத்துக்குள் ரயில் வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கை வைத்து, “என்னா மாஸ்டர்?” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க ஐயா. பாத்துப் போங்க, படி வழுக்கும்.”

அவர் போன பிறகு உள்ளே வந்து தட்டுகளில் இருந்த புத்தகங்களை எண்ணினேன். இருநூற்றுப் பத்து. சரியாக இருந்தது.