கோ சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது

கோ-கோ ஆட்டத்தில் ஓடுவது பெரிய விஷயமில்லை என்று சொன்னால் ஓடுகிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள். வரட்டும். உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்போம். ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரியைத் துரத்துவாள். அவள் வரிசையைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது. எதிராளி மறுபக்கம் நழுவிவிட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு, ‘கோ’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தவள் எழுந்து துரத்துவாள். தொடுவதும் சொல்வதும் சேர்ந்தால்தான் கோ. அதற்கு முன்னால் எழுந்தால் ஃபவுல்.

நான் அதற்கு முன்னால் எழுந்துவிடுகிறவள். எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில்தான் எங்கள் குடும்பமே நடந்தது. அம்மா ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டு எரிச்சலும் பட்டுவிடுவேன். திருத்தணியில் எங்கள் பள்ளி மைதானத்திலும் அதே கதைதான். முதுகுப் பக்கம் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பேன். விசில் ஊதுவார்கள். எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்.

கேப்டன் மட்டும் திட்டவில்லை. என் வகுப்புதான் அவள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டே இருப்பதால் பேச்சே கொஞ்சம் கத்தலாகத்தான் இருக்கும். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு என்னைத் தனியாகக் குந்தவைத்து, பின்னாலிருந்து ஓடிவந்து முதுகைத் தொடுவாள். கோ சொல்ல மாட்டாள். நான் எழுந்தால் தொடையில் கிள்ளுவாள். மறுபடி ஓடிவருவாள், தொடுவாள், சொல்ல மாட்டாள். சில நாள் சொல்வாள். எப்போது சொல்வாள் என்று தெரியாது.

“கை பட்டா எந்திரிக்காத. நா கூப்ட்டாதான் எந்திரிக்கணும். காதை மட்டும் நம்பு.”

தொடையெல்லாம் கன்றிப்போய்ப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த அந்த மாதங்களில்தான் நான் கொஞ்சம் மனுஷியானேன் என்று நினைக்கிறேன். வீட்டிலும் அம்மா பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன். எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அம்மாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பிளஸ் டூ வருடம் மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. மாநிலத்தில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கும், ஹாஸ்டலும் உண்டு என்று பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது சந்தோஷம், அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. அவள் நைனா அவளைப் பள்ளிப்பட்டில் இருந்த முறை மாப்பிள்ளையான பாவாவுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்திருந்தார். அவள் அழுது, சண்டை போட்டு, கடைசியில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள். மாநிலப் போட்டிக்குப் போனால் கல்லூரி. இல்லையென்றால் கல்யாணம். இது அணியில் எல்லோருக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம் திருவள்ளூரில். அன்று பார்த்து மாதக் கிருத்திகை. ஜெயிக்க வேண்டும் என்று அவள் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் விரதம் எடுத்துவிட்டாள். காலையில் ரயிலில் ஏறிய பிறகுதான் எங்களிடம் சொன்னாள். கேப்டன் பட்டினி கிடக்கும்போது நாம் எப்படிச் சாப்பிடுவது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் எல்லோரும் விரதம். கிருத்திகைக்குச் சோறு ஆக்காத வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அது சரியாகவே பட்டது. சாமி காரியத்தில் யார் கணக்குப் பார்ப்பார்கள்.

எங்கள் அணியில் ஒரு பாய் வீட்டுப் பெண் இருந்தாள், மெக்கானிக் ஒருவரின் மகள். அவளும் சாப்பிட மாட்டேன் என்றாள். ஆனால் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாங்க நோன்பு புடிச்சா விடியறதுக்கு முன்ன ஒரு கட்டு கட்டிட்டுதான் புடிப்போம். நீங்க இன்னாடி, வெறும் வயித்தோட ஓடறேன்னு வந்துகினு இருக்கீங்க?”

சிரித்தோம். பி.டி. மிஸ் கொடுத்த வாழைப்பழத்தையும் குளுக்கோஸையும் அவருக்குத் தெரியாமல் பைக்குள் திணித்துக்கொண்டோம்.

ஆட்டம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் சுற்றில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் எங்கள் கால்கள் எங்களுடையவையாக இல்லை. காலையில் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்த பாய் வீட்டுப் பெண் ஒருத்திதான் ஒழுங்காக ஓடினாள். அப்படியும் கடைசித் துரத்தலில் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தோம். ஒருத்தியைத் தொட்டால் சமன்.

கேப்டன் துரத்திக்கொண்டு வந்தாள். எதிரணிக்காரி என் பக்கத்து இடைவெளியில் புகுந்து என் முன்னால் வந்து நின்றாள். கை நீட்டினால் தொடலாம். அவளுக்கும் மூச்சு இரைத்தது. என் முதுகில் கை விழுந்தது. பலமாகவே விழுந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. காய்ந்த தொண்டையிலிருந்து காற்று மாதிரி ஏதோ வந்தது, அது கோ இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, எழ வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கும்போது எழாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு விலகி ஓடினாள். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

“ஏன்டி எந்திரிக்கல?” என்று மிஸ் கத்தினார்.

“கோ வரல மிஸ்.”

நடுவரும் அதையே சொன்னார். கேப்டன் மண்ணில் குந்தியபடி என்னைப் பார்த்தாள்.

ரயிலில் மிஸ் யாருடைய பையையோ திறந்து, நசுங்கிக் கறுத்த பழங்களைப் பார்த்தார். எல்லோருடைய பையையும் திறந்தார். அரக்கோணம் வரும்வரை எங்களோடு பேசவில்லை. பிறகு, “சாப்ட்டுத் தொலைங்க” என்றார். எல்லோரும் அழுதுகொண்டே தின்றோம். அவள் மட்டும் தொடவில்லை.

“தோத்துட்டோம்னு வெரதத்த வுட முடியுமா?” என்றாள். குரல் அப்போதும் சரியாக வரவில்லை.

பரீட்சை முடிந்து சில வாரங்களில் அவளுக்குக் கல்யாணம். நான் போனேன். அணியில் எல்லோரும் போனோம். பாவா நல்ல மாதிரிதான், குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் எங்களைத் தேற்றினார்கள். நான் கல்லூரிக்குப் போனேன். இப்போது ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பதில் தெரிந்தும் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்காகக் காத்திருக்க எனக்குத் தெரியும். நல்ல டீச்சர் என்று சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கை தானாகத் தொடையைத் தடவுகிறது.

அவள் மாதத்துக்கு ஒருமுறையாவது போன் செய்வாள். பின்னால் தறிச் சத்தம் கேட்கும். பிள்ளைகள், நூல் விலை, மாமியார் என்று பேசுவாள். ஆட்டத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

போன ஆடியில் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவள், பஸ் திரும்பி வருவதைப் பார்த்ததும் சட்டென்று கேட்டாள்.

“அன்னிக்கி நா கோ குட்த்தனா இல்லியா? நெசமா சொல்லு. எங்காதுக்குக் கேட்டுச்சி. இத்தினி வருசமா கேட்டுகினுதான் கீது. நீ கேக்கலன்னு சொன்ன. நா கூப்பிடவே இல்லியா, என்னாலதான் எல்லாம் போச்சா, அத மட்டும் சொல்லு.”

அவள் முகத்தைப் பார்த்தேன். இதைக் கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தாளோ தெரியவில்லை.

“குட்த்த. எனக்குக் கேட்டுச்சி. நாந்தான் பயத்துல எந்திரிக்கல.”

அவள் கோபப்படவில்லை. “அப்ப நா கூப்ட்டுதான் கீறேன்” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். முகம் கொஞ்சம் லேசானது. அது நிஜம். பிறகு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அவள் அழுதால் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.