ஷைனி தானாக வாசித்த முதல் வரி

2004-ஆம் வருஷம் சிறுவர் ஞாயிறு அன்று நம் சபையில் என் மகள் ஷைனிக்கு நேர்ந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அதன்பின் இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆண்டவர் செய்ததைச் சாட்சியாக எழுதிக் கொடுங்கள் என்று பாஸ்டரம்மா கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பதிலை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷைனிக்கு அப்போது எட்டு வயது. மனப்பாட வசனப் போட்டியில் தொடர்ந்து மூன்று வருஷம் முதல் பரிசு வாங்கியவள். காப்பெல் ஊரில் எங்கள் அபார்ட்மென்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படட்டும் என்று அந்தக் கோப்பைகளை டிவிக்கு மேலேயே அடுக்கி வைத்திருந்தேன். நான் பாளையங்கோட்டையில் ஆறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். இந்த நாட்டில் என் விசாவில் வேலை பார்க்க முடியாது. அதனால் என் டீச்சர் வேலை மொத்தத்தையும் ஷைனி மேல் காட்டினேன். சாயங்காலமானால் நான் உரக்க வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். வசனமும் அப்படித்தான், ஸ்கூல் பாடமும் அப்படித்தான். நாம் எல்லாரும் அப்படித்தானே படித்து வந்தோம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வேத வாசிப்பு அவளுக்கு. ஒரு வாரம் நான் வாசித்துக் காட்டித் தயார் பண்ணியிருந்தேன். காலையில் பாஸ்டர் வேறு பகுதியை மாற்றிவிட்டார். எனக்குத் துளியும் பயமில்லை. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் என் பிள்ளை வாசித்துவிடுவாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் மேடை ஏறி, வேதத்தைத் திறந்து, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே, வீட்டில் மனப்பாடம் பண்ணிய பழைய பகுதியைக் கணீரென்று சொன்னாள். சபையில் எல்லாரும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "வேற பகுதிம்மா" என்று பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பார்க்கிங்கில் காருக்குள் வைத்து ஆராதனைத் தாளை அவள் கையில் திணித்தேன். "வாசிட்டி பாப்போம்" என்றேன். முதல் வரியில் இருந்த சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகள்கூட அவளுக்கு வரவில்லை. மூன்று வருஷம் எங்களை ஏமாற்றியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கை நீட்டி அடித்துவிட்டேன்.

ஸ்கூல் டீச்சர் கொடுத்தனுப்பிய கடிதங்களை அவள் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததையும் அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். ஸ்கூலில் பரிசோதித்துப் பார்த்து, டிஸ்லெக்ஸியா என்றார்கள். புத்தி நன்றாக இருக்கிறது, எழுத்தையும் சத்தத்தையும் இணைத்துப் பார்ப்பதுதான் கடினம் என்று பொறுமையாக விளக்கினார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அதற்குள் ஆளுக்கு ஒரு யோசனை. வீட்டில் இரண்டு பாஷை பேசுவதால்தான் குழப்பம் என்று ஓர் ஆன்ட்டி சொன்னார்கள். என் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"நீ தமிழ்லயே பேசிக்கிட்டிருக்கேல்லா, அதான் பிள்ளைக்கு கொழம்புது. இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசு."

என் இங்கிலீஷ் கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும். பெற்ற பிள்ளையைக் கொஞ்ச அதில் எனக்கு வார்த்தை கிடையாது. ஈட், கோ, ஸ்லீப் என்று நாய்க்குட்டியிடம் பேசுவதுபோல அவளிடம் பேசினேன். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று.

இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன். காலையில் எழுந்ததும் அவள் வாசித்துவிட வேண்டும், அதுதான் என் ஜெபம். இருபத்திரண்டாம் நாள் காலை ஒரு சின்னப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் படத்தைப் பார்த்து ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொன்னாள். அன்றைக்கு ஜெபிப்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு தவறாமல் வந்து உங்களோடு உட்கார்ந்திருந்தேன், பாட்டும் பாடினேன். உள்ளுக்குள் ஆண்டவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படி இருந்த நாளில்தான் மிஸ் பெவர்லி வந்தார். நான் ஸ்கூல் லைப்ரரியில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கப் போவேன். அங்கே வாரத்தில் நாலு நாள் வந்து பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிற, ரிட்டயர் ஆன டீச்சர் அவர். ஷைனியை அவரிடம் சேர்த்தபோது ஒரு படிவம் கொடுத்தார். பிள்ளையைப் பற்றி உங்கள் கவலை என்ன என்று அதில் ஒரு கேள்வி. பெரிய எழுத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதை மறந்தே போனேன்.

அவர் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓர் எழுத்து அட்டை. அதன் சத்தம். அதே எழுத்தை மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே சத்தத்தைச் சொல்ல வேண்டும். மறுநாளும் அதே அட்டைகள், அதே வரிசை. அதற்கும் மேலே, அர்த்தமே இல்லாத வார்த்தைகளை வாசிக்க வைத்தார். இது என்ன கூத்து என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். தெரிந்த வார்த்தையாக இருந்தால் ஷைனி ஞாபகத்தில் இருந்து சொல்லிவிடுவாள், உலகத்தில் இல்லாத வார்த்தையை வாசித்துத்தான் ஆகவேண்டும் என்றார். வீட்டில் உங்கள் பாஷையிலேயே பேசுங்கள், அது அவளைக் கெடுக்காது என்றும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் "ஏட்டி, சாப்பிட வா" என்றேன். அவள் ஓடி வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்படியும் அவளுக்கு வாசிப்பு வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று. மூன்றெழுத்து வார்த்தைக்கே வியர்த்தாள். என்னையும் கூட உட்கார வைத்து அட்டை பிடிக்கப் பழக்கினார் மிஸ் பெவர்லி. வீட்டில் தினமும் செய்தேன். நம்பிக்கை இருந்து செய்தேன் என்று சொன்னால் பொய். நிறுத்தினால் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் செய்தேன்.

2006 மே மாதம். வருஷக் கடைசி என்று ஷைனியின் ஃபைலை மிஸ் பெவர்லி எங்கள் கையில் கொடுத்தார். நான் கார் ஓட்டுகிறேன், ஃப்ரீவேயில் நல்ல ட்ராஃபிக். பின் சீட்டில் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த ஷைனி ஏதோ முனகினாள்.

"ஷி... இஸ்... லே... ஸி. லேஸி. ஷி இஸ் லேஸி!"

கார்க் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன்.

"மாம், ஐ ரெட் இட்! நோபடி டோல்ட் மி!"

அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. நான் எழுதிக் கொடுத்த அந்தப் படிவத்தைத்தான் கையில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தக் குரலுக்காகத்தானே இருபத்தொரு நாள் பட்டினி கிடந்தேன்?

"ஷி... டெல்ஸ்... லைஸ்."

கொஞ்ச தூரம் போனதும், "மாம், ஹூ இஸ் ஷி?" என்று கேட்டாள்.

ஃப்ரீவேயை விட்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பெட்ரோல் போடுகிற ஒரு கேஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்தினேன். பின் சீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சோம்பேறி, பொய்க்காரின்னு உன்னத்தாம்மா எழுதியிருக்கேன். அம்மா தப்பா எழுதிட்டேன். உனக்கு வாசிக்கக் கஷ்டம்னு எனக்கு அப்போ புரியல. அம்மாவ மன்னிச்சிரு."

அவள் அழவில்லை. என் பையில் இருந்து பேனாவை எடுத்து, அந்த இரண்டு வரியையும் அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள். அங்கே வைத்துத்தான் நான் திரும்ப ஜெபித்தேன். ஆண்டவரே, நீர் எனக்குச் செவிகொடுத்துத்தான் இருந்திருக்கிறீர் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

ஷைனிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள், விரல் வைத்துத்தான் வாசிக்கிறாள். கோப்பைகளை நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். உங்கள் பிள்ளையும் அழகாக ஒப்பிக்கிறதா? வீட்டுக்குப் போய், அது கேட்டே இராத ஒரு பக்கத்தைக் கையில் கொடுங்கள். தடுமாறினால் கை ஓங்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், என்னிடம் வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். அட்டை பிடிக்கவும் சொல்லித் தருகிறேன். நான் கைவிட்ட பிறகும் கைவிடாதவர் உங்களையும் விடமாட்டார்.

இதை எழுதட்டுமா என்று ஷைனியிடம் கேட்டேன். ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னாள். "டெல் தெம் ஐ வாஸ் நாட் லேஸி."

என் மகள் சோம்பேறி இல்லை. அதை உங்கள் எல்லார் முன்பாகவும் என் வாயாலேயே சொல்லவைத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.