பாதி காதில் விழுந்த பேச்சு

அண்ணி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே ரிமோட்டைத் தேடுவார். கைப்பை தோளில் தொங்கும், ஷூ காலிலேயே இருக்கும். நின்றபடி தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு வீட்டின் கூடம் தெரியும். பின்னால் மாடிப்படி, நடுவில் சோஃபா, பக்கத்தில் சமையலறைக்குப் போகும், இரு பக்கமும் ஆடித் திறக்கும் கதவு. யாரோ ஒரு கணவன் தொப்பியை மாட்டிவிட்டு மனைவியை அழைப்பான். அவள் எதையோ அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளிப்பாள். எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கும். அண்ணியும் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றுவார். டெக்சஸின் சாயங்கால வெயில் ஜன்னல் மறைப்பின் இடுக்கு வழியாக அவர் மடியில் கோடு கோடாக விழுந்திருக்கும். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் கழிந்த அந்த முதல் வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த வெளிச்சம்தான்.

அண்ணி என் கணவரின் அக்கா. கொங்கு நாட்டில் கோபி ஊர்ப் பக்கத்துக்காரர். ஹூஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயியல் மருத்துவராக இருந்தார். நோயாளிகளைப் பார்ப்பதில்லை. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காலையிலிருந்து நுண்ணோக்கியில் பார்த்து, எது கெட்டது, எது கெட்டதில்லை என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அவர் கணவர் எப்போதோ பிரிந்து போய் வேறு மாநிலத்தில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் என் கணவரும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தபோது, தனி வீடு எதற்கு, என்னோடு வந்து இருங்கள் என்று அண்ணிதான் சொன்னார். எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. கார் ஓட்டத் தெரியாது. கார் இல்லாமல் அந்த ஊரில் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. பகல் முழுவதும் அந்தப் பெரிய வீட்டில் அறை அறையாக நடப்பேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். சாயங்காலம் கராஜ் கதவு மேலே போகும் சத்தம் கேட்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன்.

அந்தப் பழைய தொடர்கள் எனக்கு முதலில் விளங்கவில்லை. வேகமாகப் பேசினார்கள். சிரிப்புச் சத்தம் வரும்போதுதான் ஏதோ நகைச்சுவை நடந்து முடிந்திருக்கிறது என்று தெரியும். போகப் போக, பேச்சு புரியாவிட்டாலும் கதை புரியத் தொடங்கியது. எல்லாம் ஒரே கதைதான். யாரோ ஒருவர் கதவருகே நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிடுவார். மீதிப் பாதியைத் தானே கட்டிக்கொள்வார். ஒரு கதையில் கணவன், டாக்டர் தொலைபேசியில் யாருடைய கிழட்டு நாயைப் பற்றியோ பேசுவதைக் கேட்டுவிட்டுத் தனக்குத்தான் நாள் குறித்தாகிவிட்டது என்று நம்பி, தன் கோட்டு, மீன்பிடி தூண்டில் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கத் தொடங்குவான். மனைவி அவன் வீட்டை விட்டு ஓடப்போகிறான் என்று நினைப்பாள். அதே நாளில் முதலாளி விருந்துக்கு வந்துவிடுவார், அடுப்பில் கோழி கருகும். இந்தக் கதை எத்தனை முறை வந்தாலும் அண்ணி கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நாள் முழுவதும் கெட்ட சேதி எழுதிவிட்டு வருகிறவருக்கு, பொய்யாகிப் போகிற கெட்ட சேதியைப் பார்ப்பதில் என்ன சுகம் இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. ஒருமுறை கேட்டேன். "இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது கண்ணு. அரை மணி நேரத்துல எல்லாம் சரியாயிரும். அதான் பாக்கறேன்" என்றார்.

கதவருகே நின்று நானும் ஒரு நாள் கேட்டேன். அதைச் சொல்வதற்கு முன் அண்ணியின் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்தில் வீட்டுப் பெண்களை, பிள்ளைகளை, மனசுக்கு நெருக்கமான சின்னவர்களை 'அது' என்பார்கள். "அது சாப்டுச்சா?" என்று என் எதிரிலேயே அண்ணி என் கணவரைக் கேட்பார். சென்னைக்காரியான எனக்கு முதல் தடவை சுருக்கென்று இருந்தது. பிரியமாகச் சொல்வது என்று கணவர் விளக்கினார். தலையாட்டினேன், ஆனால் காது பழகவில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் துவைத்த துணியை எடுக்கப் போனபோது, கராஜுக்குப் போகும் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அண்ணி தன் கோயில் சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வந்த நாள்ல இருந்து அழுதுட்டே இருக்குதுங்க. ராத்திரியெல்லாம் ஒரே முனகல். தம்பி ஆசப்பட்டுக் கொண்டாந்துட்டான், மூஞ்சிக்கு நேரா என்னன்னு சொல்றது? நைசா வெளிய அனுப்பிரலாம்னு பாக்கறேன்."

துணிக்கூடையோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். எங்கள் அறையில் உட்கார்ந்து எல்லாத் துணியையும் மடித்தேன். அண்ணியின் வேலைச் சட்டைகளும் அதில் இருந்தன. அவற்றையும் ஒழுங்காக மடித்தேன். குளியலறைக் குழாயின் சத்தத்தை மீறி என் அழுகை வெளியே கேட்டிருக்கிறது என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. கோபம் பிறகுதான். சாயங்காலம் அம்மாவைச் சென்னையில் கூப்பிட்டு, இந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. டெக்சஸின் வடக்கே ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் அவரை அப்போது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்காவைத் தனியாக விட வேண்டுமே என்று அவர் வேண்டாமென்று சொல்ல இருந்தார். போகலாம் என்று நான் சொன்னேன். தனிக்குடித்தனம் யாருக்குத்தான் பிடிக்காது என்று சிரித்துவிட்டு அவரும் ஒத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின வாரங்கள் இப்போது நினைத்தால் அந்தத் தொடர்களில் ஒன்றைப் போலவே இருக்கின்றன. சிரிக்கத்தான் ஆள் இல்லை. அண்ணி என்னிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. குக்கர், தோசைக்கல், போர்வை, மிக்ஸி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து எங்கள் அறை வாசலில் வைத்தார். எவ்வளவு சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். நான் ஒவ்வொன்றையும் உடனே பெட்டியில் வைத்து ஒட்டினேன். எவ்வளவு சீக்கிரம் போகப் பார்க்கிறது என்று அவர் நினைத்தாராம். கடைசி நாள் சாம்பாரில் நான் உப்புப் போட்டது தெரியாமல் அவரும் போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. அண்ணி, நல்லாருக்குது என்றார். ஆமாம் அண்ணி என்றேன். நடுவில் உட்கார்ந்திருந்த என் கணவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அதன் பிறகு பல வருடங்கள். எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள், நான் கார் ஓட்டக் கற்றேன், படித்தேன், கிரீன் கார்டு வந்தது, வேலைக்குப் போனேன். பேர்லேண்டுக்கும் ரிச்சர்ட்சனுக்கும் நடுவே அரைநாள் ஃப்ரீவே பயணம். பேர்லேண்டின் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது அண்ணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தங்காமல் திரும்பிவிடுவோம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு நாளுக்கு மேல் இருக்கமாட்டார். ஒரு குறையும் சொல்ல முடியாத உறவு. பண்டிகைக்குப் புடவை, பிறந்தநாளுக்குப் போன். சில சாயங்காலங்களில் சேனல் மாற்றும்போது அந்தக் கறுப்பு வெள்ளைக் கூடம் எங்காவது தட்டுப்படும். அதே மாடிப்படி, அதே சோஃபா. கையில் கரண்டியோடு நின்று பார்ப்பேன். அடுப்பிலிருந்து ஏதாவது வாசம் வந்து என்னைக் கூப்பிடும்வரை, அந்த வீட்டில் யாரோ எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அண்ணி வந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து யாரும் எழுந்திருக்கவில்லை. மகள், அப்பா சின்ன வயதில் செய்த அசட்டுத்தனம் ஏதாவது சொல்லுங்கள் அத்தை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அண்ணி சந்தோஷமாகத் தொடங்கினார். உன் அம்மாவும் அப்பாவும் என் வீட்டுக்கு வந்த அதே வாரம், யாரோ வீடு காலி செய்கிறார்கள் என்று உன் அப்பன் ஒரு பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்து கராஜில் வைத்துவிட்டான் என்றார்.

"வந்த நாள்ல இருந்து அழுதுட்டே இருக்கும். கீழெல்லாம் தண்ணி. ராத்திரியானா ஒரே முனகல். ஆசப்பட்டுக் கொண்டாந்திருக்கான், மூஞ்சிக்கு நேரா சொல்லவும் முடியல."

மகள் சிரித்தாள். கணவர், அது நல்ல ஃப்ரிட்ஜ்தான் என்று வாதாடினார். நான் எழுந்து, கைக்கு எட்டிய தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கைகள் தாமாக வேலை செய்துகொண்டிருந்தன. அண்ணி மீதித் தட்டுகளோடு பின்னால் வந்து, உடம்பு சரியில்லையா கண்ணு என்றார். அப்போது சொன்னேன். கராஜ் கதவு, துணிக்கூடை, போன், எல்லாவற்றையும் ஈரக் கையோடு நின்றபடி சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் தட்டுகளைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"ஃப்ரிட்ஜுக்காகவா போனீங்க?" என்றார். அப்புறம் மிகவும் மெதுவாக, "நான் வேற நெனச்சேன்" என்றார்.

என்னவென்று கேட்டேன். நான் அம்மாவோடு போனில் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்ற ஒரு வரி மட்டும். "புருஷன் விட்டுட்டுப் போனவ வீட்ல, புதுசா கட்டிக்கிட்ட புள்ள இருக்க வேண்டாம்னு உங்கம்மா சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன். பெத்தவங்களுக்கு அப்படித் தோணுறது சகஜம்தானேன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்" என்றார். என் அம்மாவுக்கு அப்படி ஒரு எண்ணம் வந்ததேயில்லை என்று நான் சொன்னபோது, தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். ஆனால் அதுவரை அவருக்குத் தெரியாது. நாங்கள் போன பிறகு அந்த ஃப்ரிட்ஜை அவர் தூக்கிப் போடவில்லையாம். தம்பி கொண்டுவந்ததாயிற்றே என்று அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து, நிரம்பினால் கொட்டி, அது ஒரேயடியாக நின்றுபோகும்வரை வைத்திருந்தாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இந்த முறை குழாயைத் திறந்துவிடவில்லை.

மறுநாள் காலை அவர் ஊருக்குக் கிளம்பினார். காரில் ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடியை இறக்கினார். எங்கள் தெருவின் ஓக் மரங்கள் ஒரு வாரமாக இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. காரின் மேலும் நாலைந்து விழுந்திருந்தன. சரி, பார்க்கலாம் என்று சொல்லத்தான் போகிறார் என்று குனிந்தேன். "ரிடையர் ஆனதும் அந்த வீட்ட வித்துரலாம்னு இருக்கேன். இங்க, உங்களுக்குப் பக்கத்துல ஏதாச்சும் பாக்கட்டுமா? உனக்குத் தொந்தரவுன்னா வேண்டாம்" என்றார். முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார், கை ஸ்டீயரிங் மேல் இருந்தது.

நான் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டேன். "இப்பவே போய்ப் பாக்கலாம், ஓட்டுங்க அண்ணி."

இன்று அண்ணி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார். அது பின்னால் நடந்தது. எனக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வருவது அந்தக் காலைதான். நான் வீட்டுச் செருப்போடு இருந்தேன். ஆள் நடமாட்டமில்லாத தெருக்களில், விடுமுறையின் சோம்பலில், கார் நடக்கிற வேகத்தில் போயிற்று. ஒரு வீட்டின் புல்வெளியில் விற்பனைப் பலகை இருந்தது. பார்ப்பதற்காக நிறுத்தினோம். உள்ளேயிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் அவசரமாக வந்து, உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன், சீக்கிரமே வந்துவிட்டீர்கள், வாருங்கள் என்று ஆங்கிலத்தில் அழைத்தார். ஏஜென்ட் அனுப்புவதாகச் சொன்ன வேறு யாரோ என்று நினைத்திருக்கிறார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி அதற்குள் இறங்கி, அவருக்குக் காலை வணக்கம் சொல்லி, பின்னாலேயே நடந்துவிட்டார்.

அந்த மனிதர் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். பிள்ளைகள் வளர்ந்த அறை, மனைவி தைத்த ஜன்னல் திரை, குளிர்காலத்தில் வெயில் வந்து விழும் மூலை. அண்ணி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். சமையலறைக்கு வந்ததும் அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் அக்காவும் தங்கையுமா என்று கேட்டார். நான் இல்லை என்று தொடங்கும் முன்பே அண்ணி ஆமாம் என்றார்.

மூக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றார் அந்த மனிதர். அண்ணி திரும்பி என் மூக்கை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். பிறகு அவரிடம், இந்தக் குழாயைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார்.