நெஞ்சு வருத்தம்

தருமராசா படகில் வந்து பதின்மூன்று வருடம். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் ஒன்றரை வருடம் போனது. இப்போது ஹோம்புஷில் ஒரு வாடகை அறை, சிட்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாள் வேலை. பெட்டியிலிருந்து எலும்புகளை எடுத்து, மண்டையிலிருந்து கால்விரல்வரை மேசையில் ஒழுங்காக அடுக்கவேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஸ்லாவிய மக்களாம். ஐரோப்பாவிலிருந்து ஆய்வுக்கு இரவலாக வந்தவர்கள். அவர்களுக்கு விசாச் சிக்கல் எதுவும் இல்லை.

அன்று நாற்பத்தோராம் பெட்டி, ஒரு பெண். ஆய்வு செய்யும் மயூரா விலா எலும்பின் உட்புறத்தைக் காட்டினாள். சொரசொரவென்று புது எலும்பு படிந்திருந்தது. கசநோயாக இருக்கலாம், பல வருடம் அதோடு வாழ்ந்திருக்கிறாள் என்றாள். ஆனாலும் ஊரார் ஒதுக்கவில்லையாம். மற்றவர்களோடு ஒரே வரிசையில், தலை மேற்கே, கழுத்தில் மணி, காலடியில் சாப்பாட்டுப் பானை வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

"அப்ப எலும்பு ஒண்டையும் மறைக்காதோ, பிள்ளை?"

"மறைக்காது, அங்கிள்."

அவருக்கு மறுநாள் காலை விசா மருத்துவப் பரிசோதனை, இரண்டாம் தடவை. நெஞ்சுப் படத்தில் ஏதோ தழும்பு தெரிகிறதாம். நிரந்தர விசா கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி நாகபூசணியைக் கூப்பிடலாம்.

முதல் தடவை டொக்டர் கேட்டபோது, சின்ன வயதில் நெஞ்சில் வருத்தம் இருந்தது என்று உள்ளதைத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். ஃபோனில் மொழிபெயர்த்த சென்னைக்காரப் பெண்ணுக்கோ அது கவலை. ஆங்கிலத்தில் 'sad' என்று அவள் சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது. டொக்டர் இரக்கத்தோடு தலையாட்டி, நோய் இல்லை என்று எழுதினார். இவரும் நல்லதாய்ப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டார். பெரிய கெட்டிக்காரத்தனம். அதன்பிறகு ஒழுங்கான தூக்கம் இல்லை.

மறுநாள் கதிரையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். இந்த முறை ஃபோனில் ஓர் ஆண்குரல்.

"எனக்குச் சின்னனில கசம் இருந்தது. போனமுறை பிழையாய் மொழிபெயர்த்தது எனக்கு விளங்கினது. நான் பேசாமல் இருந்திட்டன்."

ஏன் என்று டொக்டர் கேட்டார்.

"மனுசியப் பாத்துப் பதின்மூண்டு வருசம்."

ஃபோனில் மொழிபெயர்ப்பு வந்தது. டொக்டர் எதையோ நீளமாக எழுதினார். மூன்று நாள் காலையில் பரிசோதனைக்குச் சளி கொடுக்கவேண்டும், முடிவு வர எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஆகும், மற்றதை விசாக் கந்தோர் அதிகாரிகள்தான் தீர்மானிப்பார்கள் என்றார்.

வெளியே வந்ததும் நாகபூசணியின் அழைப்பு. டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டாள். அவளிடமும் கசம் இருந்ததை மறைத்துத்தான் அவர் தாலி கட்டியிருந்தார்.

"நாகபூசணி, நான் உம்மட்ட ஒண்டு சொல்லவேணும்" என்றார்.