அச்சு முறுக்கு சுடப் போன ஆரோக்கியராஜ்

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஆரோக்கியராஜுக்கு வருஷம் முழுக்க லாரி டயரோடு மல்லுக்கட்டு. டிசம்பர் பிறந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். பூசை முடிந்து வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு, தலையில் குரங்குக் குல்லாவோடு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். அச்சு முறுக்கு சுடுவார். பனி விழும் காலையில் எண்ணெய்ச் சட்டியின் சூடு முகத்தில் அடிக்க, முறுக்கு அச்சைவிட்டுக் கழன்று பூப்போல மிதப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

அந்த அச்சு அவருடைய அம்மா அம்சாவுடையது. இரும்பு அச்சு. பல வருஷ எண்ணெய் குடித்துக் கன்னங்கரேலென்று இருக்கும். மாவு அதில் ஒட்டவே ஒட்டாது. அம்மா போன பிறகு தோட்டையும் மூக்குத்தியையும் பிரித்துக்கொண்டபோது வராத சண்டை, இந்த அச்சுக்காக அவருக்கும் விழுப்புரத்தில் இருக்கும் தங்கை சித்ராவுக்கும் வந்தது. அச்சு அண்ணன் வீட்டில் இருக்கும், கேட்டால் கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

இந்த வருஷம் முதல் ஞாயிறு. அரிசி மாவில் தேங்காய்ப் பால் ஊற்றி, முட்டை உடைத்துப் போட்டு, சர்க்கரையும் எள்ளும் சேர்த்துக் கரைத்து முடித்த பிறகுதான் ஆரோக்கியராஜ் சுவரில் அச்சு மாட்டும் ஆணியைப் பார்த்தார். வெறும் ஆணி.

"மலரு, அச்சு எங்க?"

"உங்க தங்கச்சி ஈஸ்டர் அப்பவே எட்த்துகினு போச்சே. நீங்கதான கையில குடுத்தீங்க?" என்றாள் மலர்விழி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"திருப்பித் தர வேணாமா? இன்னா பொம்பள அவ! இப்ப இந்த மாவ இன்னா பண்றது?"

"மாவையும் எட்த்துகினு அங்கயே போங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் மாவைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடி, பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் பனி விலகவில்லை. லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் மாவு மூடியைத் தாண்டிச் சொட்டி, கைலியில் வழிந்தது. தங்கையைத் திட்டுவதற்கான வார்த்தைகளை வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டே போனார்.

சித்ரா கதவைத் திறந்தாள். அண்ணன் கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். "வாண்ணா. இன்னா, பால் ஊத்தறியா?"

"அச்ச எட்றி மொதல்ல."

அவள் முகம் மாறியது. "அது வந்து... மேல் வீட்டு கலைப்பிரியா கேட்டுச்சுண்ணா. தீபாவளிக்கு வாங்கினு போச்சு."

"தீபாவளி முடிஞ்சி எத்தினி நாளாவுது? உன் வூட்டு சாமானா அது, ஊருக்கெல்லாம் தானம் பண்ண?"

மாடிப்படி ஏறினார். கலைப்பிரியா நல்ல பெண். "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா" என்று நாற்காலி போட்டு, புதுத் துணியில் சுற்றி வைத்திருந்த அச்சைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

அச்சு வெள்ளி மாதிரி மின்னியது.

"ஒரே கறுப்பா அழுக்கு புடிச்சி கெடந்துச்சுண்ணா. கம்பி நார் போட்டு நல்லா தேச்சிட்டேன். கைதான் வலிச்சிப்போச்சு."

ஆரோக்கியராஜ் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா கைப்பழக்கத்தில் ஏறிய அத்தனை எண்ணெயும் ஒரு நாள் தேய்ப்பில் போயே போய்விட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் சிரிப்பைப் பார்த்து என்ன சொல்வது? "நல்லா பளபளன்னு இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். கீழே வந்ததும், சேர்த்து வைத்திருந்தது மொத்தத்தையும் சித்ராவிடம் கொட்டினார். அவளும் பதிலுக்குக் கத்தினாள். கத்திக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள்.

முதல் முறுக்கு அச்சோடு ஒட்டிக்கொண்டது. கம்பியால் குத்தி எடுத்ததில் நொறுங்கியது. இரண்டாவதும் அப்படித்தான். "பேஜாரு புடிச்ச அச்சு!" என்று அதைத் தரையில் வைத்துவிட்டு, குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"குடுண்ணா இங்க" என்று சித்ரா அச்சை வாங்கினாள். எண்ணெயில் சூடேற்றினாள், ஆறவிட்டாள், மறுபடி சூடேற்றினாள். அதிலேயே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பொரியவிட்டாள். அம்மா புது அச்சுக்கு இப்படித்தான் செய்வாளாம். ஆரோக்கியராஜுக்கு அது தெரியாது. தெரியாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாசனைக்குக் கலைப்பிரியாவும் இறங்கி வந்துவிட்டாள். உடைந்த துண்டுகளை மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றபடியே தின்றார்கள். சூடும் இனிப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தன. அதை ஆரோக்கியராஜ் வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியம் தாண்டி ஒரு முறுக்கு முழுதாகக் கழன்று மிதந்தபோது, யாருக்கும் கொடுக்காமல் அவரே எடுத்துக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது சித்ரா முறுக்கை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து இறுக்கமாக மூடிக் கொடுத்தாள். சூடு ஆறியிருக்கவில்லை. வீட்டில் மலர்விழி திறந்தபோது மூடியெல்லாம் வேர்த்து, முறுக்கு துணி மாதிரி துவண்டு கிடந்தது.

"இதுக்குதான் காலைல இருந்து அலைஞ்சீங்களா?" என்றாள் மலர்விழி. ஆனால் இஞ்சி டீயில் ஒன்றை முக்கித் தின்று பார்த்தாள். பிறகு இன்னொன்று.

"அச்சாவது கொண்டாந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தார். இனி இது வாசப்படி தாண்டாது என்று சத்தியம் பண்ணினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர் வீடு திரும்பியபோது, வாசலில் சித்ரா நின்றிருந்தாள், கூடவே கலைப்பிரியா. ஆளுக்கொரு மாவுச் சட்டி. "அச்சு வெளிய வராதுன்னு அண்ணி போன்ல சொன்னாங்க. அதான் நாங்களே வந்துட்டோம்" என்றாள் சித்ரா. அவர் கைலி மாற்றுவதற்குள் அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுப்பு சரியாக எரியவில்லை, எண்ணெய் நல்ல எண்ணெய் இல்லை என்று சாயங்காலம் வரைக்கும் குறை சொல்லிக்கொண்டே சுட்டாள். ஆரோக்கியராஜ் சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முறுக்கை ஆறவைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.